பள்ளியின் பெயரை மறைத்தவர்களையும் தேடிப் போனவர்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் இருந்து உள்ளே பிரியும் ஓர் ஊர். அங்குள்ள ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் தன் செயலாளருக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. 1995-இல் சங்கம் பதிவு செய்யப்பட்ட நாள் முதல் 30 ஆண்டுகளாக அவர்தான் செயலாளர். வயது 72. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் “வேற யாராவது எடுத்துக்குங்கப்பா” என்று சொல்வார். யாரும் எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஆண்டு வாயால் சொல்லாமல், கையெழுத்துப் போட்ட கடிதமாகவே தலைவரிடம் கொடுத்துவிட்டார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நாம் போனபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பெயரும் படமும் போடக் கூடாது. தன்னடக்கம் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் சொன்ன காரணம் வேறு. “எம் பேரைப் போட்டா பள்ளிக்கூடம் எதுன்னு தெரிஞ்சிடும். பள்ளிக்கூடம் தெரிஞ்சா, நோட்டுல இருக்குறவங்க யாருன்னு தெரிஞ்சிடும். அவங்கள்ல பாதிப் பேரு இங்க படிச்சத வெளிய சொல்லிக்காதவங்க.” அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், ஊரார் அழைப்பது போலவே நாமும் கண்டக்டர் ஐயா என்றே எழுதுகிறோம். அந்த நிபந்தனைக்குள்ளேயே அவருடைய முப்பது ஆண்டு வேலையும் அடங்கியிருக்கிறது.

ஒரு பள்ளிக்கு மூன்று பெயர்

ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் இன்றும் அந்தப் பள்ளியை ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்றுதான் சொல்கிறார்கள். இளைஞர்களுக்கு அது ஏன் என்று தெரிவதில்லை. 1919-20 வாக்கில் சென்னை மாகாண அரசு, தீண்டப்படாத மக்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. மனைப்பட்டா, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தத் துறையின் வழியாக வந்தன. பொதுப் பள்ளியில் யாரும் சேரலாம் என்று அரசாணை இருந்தது. ஆனால் அந்தப் பள்ளி அக்கிரகாரத்திலோ கோயிலிலோ ஊர்ச் சாவடியிலோ நடந்தது. சேரியிலிருந்து கிளம்பும் பிள்ளை அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே தனிப் பள்ளி தேவைப்பட்டது. 1949-இல் அந்தப் பொறுப்பு அரிசன நலத் துறைக்குப் போனது. பிறகு அதுவே ஆதிதிராவிடர் நலத் துறை ஆனது. ஒவ்வொரு முறையும் பள்ளியின் வாசல் பலகை மாறியது. ஆனால் மூன்று பலகைகளும் ஒரே செய்தியைத்தான் சாலையில் போகிறவர்களுக்குச் சொல்லின: இது யாருடைய பிள்ளைகள் படிக்கிற இடம் என்று.

இந்த மண்ணுக்குக் கல்விப் போராட்டம் புதிதல்ல. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஓர் அடியாரின் பெயரை, உள்ளே நுழைய வேண்டிய பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்தார். காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து எழுந்த எல்.இளையபெருமாள் நாடாளுமன்றம் வரை போனார். தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965-இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1969-இல் வந்த அதன் அறிக்கை இன்றும் பேசப்படுகிறது. இவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்கள் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளாமல் காலை வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இல்லை. கண்டக்டர் ஐயா அந்த வரிசையைச் சேர்ந்தவர்.

“நீங்க வேற யாரையோ நினைக்கிறீங்க”

அவர் 1970-இல் அந்தப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். பேருந்தில் வேலை. தினமும் நூற்றுக்கணக்கான முகங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை நேரம், உடன் படித்த ஒருவர் அலுவலக நண்பர்கள் இருவரோடு வண்டியில் ஏறினார். மகிழ்ச்சியில் இவர் சத்தமாகக் கேட்டுவிட்டார்: “டேய், நம்ம லேபர் பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல உட்காந்தவன்தான நீ?” வந்தவர் முகம் மாறியது. “நீங்க வேற யாரையோ நினைக்கிறீங்க” என்றார். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கிப் போய்விட்டார்.

“அவன் மேல எனக்குக் கோவம் வரல. நண்பனுங்க முன்னால அவன் வெச்சிருந்த ஒரு இடத்த நான் ஒரு வார்த்தையில கலைச்சிட்டேன்னு தோணுச்சு. அவன மறைக்க வெச்சது எது? அதைத்தான் யோசிச்சேன்” என்றார் நம்மிடம்.

முன்னாள் மாணவர் சங்கம் என்றால் பொதுவாக நமக்கு என்ன நினைவுக்கு வரும்? வெள்ளி விழா ஆண்டுச் சந்திப்பு, ஒரே நிறத்தில் சட்டை, பழைய ஆசிரியருக்குச் சால்வை, மதியம் பிரியாணி, குழுப் படம், பள்ளிக்கு ஒரு பீரோ. தவறில்லை. படித்த இடத்தைச் சொல்லிக்கொள்வதில் பெருமை இருக்கிறவர்கள் கூடுகிறார்கள். ஆனால் படித்த இடத்தின் பெயரைச் சொன்னாலே சாதியைச் சொன்னதாக ஆகிவிடுகிற பள்ளிக்கு எப்படிச் சங்கம் அமைப்பது? வாடகை வீடு கிடைக்காமல் போகலாம். அலுவலகத்தில் இதுவரை இல்லாத பார்வை ஒன்று முளைக்கலாம். பிள்ளைக்குப் பெண் பார்க்கிற பேச்சு நின்றுபோகலாம். இந்த அச்சங்களோடு வாழ்கிறவரிடம் போய் ‘வா, உன் பள்ளிக்குப் பெருமை சேர்’ என்று உபதேசம் செய்வது எளிது. கண்டக்டர் ஐயா அதைச் செய்யவில்லை.

அவர் வைத்துக்கொண்ட விதிகள் மூன்று. பொது இடத்தில் யாரிடமும் பள்ளியைப் பற்றிக் கேட்பதில்லை. சங்கத்தின் கடிதம் போகும் உறையில் சங்கத்தின் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்காது. அனுப்புநர் இடத்தில் அவர் வீட்டு முகவரி மட்டும் இருக்கும். நன்கொடை தருகிறவர் விரும்பினால் ஒழிய அவர் பெயர் பலகையிலோ நோட்டீசிலோ வராது. ஆனால் ரசீது உண்டு, தணிக்கைக் கணக்கில் ஒவ்வொரு ரூபாயும் உண்டு.

நோட்டு என்று அவர் சொல்வது நீளமான கணக்குப் பேரேடு. இப்போது ஐந்தாவது நடக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பள்ளியை விட்ட ஆண்டு, வேலை, முகவரி, ஓரத்தில் ஒரு குறி. ‘வருவார்’, ‘கடிதம் போதும்’, ‘எழுத வேண்டாம்’ என்று மூன்று வகை. பேருந்தில் இறங்கிப் போன அந்த நண்பரின் பெயருக்கு எதிரே இன்றும் ‘எழுத வேண்டாம்’ என்றுதான் இருக்கிறது. அவர் கடைசி வரை வரவில்லை. அவர் பெயரை இவர் அடிக்கவும் இல்லை.

ஜூன் மாதத்து வேலை

இந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் விழா நாளில் போகக் கூடாது; தேர்வு முடிவு வந்த பிறகு போக வேண்டும். மே பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை கண்டக்டர் ஐயா வீட்டுத் திண்ணை ஓர் அலுவலகம். முடித்துப் போகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு தாளில் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, சாதிச் சான்று இருக்கிறதா, வருமானச் சான்று இந்த ஆண்டுக்கு எடுத்ததா, முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தாயிற்றா, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதல் நடப்பில் இருக்கும் திட்டம். பெற்றோரின் ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். 2020-க்குப் பிறகு ஒன்றிய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு என்ற பங்கீட்டில் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தருகிற 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்கும் பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது.

ஆனால் மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பும். பள்ளியில் தொடங்கிய வங்கிக் கணக்கு நடப்பில் இல்லாமல் போயிருந்தால் பணம் வந்து சேராது. கல்லூரியில் கட்டணத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாத பிள்ளை இரண்டாவது பருவத்தில் சொல்லாமல் நின்றுவிடும். ‘படிப்பு ஏறல’ என்று ஊர் பேசிக்கொள்ளும். “படிப்பு ஏறலன்னு நின்ன பிள்ளைய நான் அதிகம் பாக்கல. பேப்பர்ல நின்ன பிள்ளைங்களத்தான் பாத்திருக்கேன்” என்கிறார் கண்டக்டர் ஐயா. எந்தத் தாளை எந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த நாளில் தாசில்தார் இருப்பார், கிறித்தவ ஆதிதிராவிடர் பிள்ளைக்கு எந்தத் துறையில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களை அந்தந்த ஊர்க் கல்லூரிக்குப் பொறுப்பாக்கி இருக்கிறார். சென்னையில் சேருகிற பிள்ளையை விடுதி வரை கொண்டுபோய் விட ஓர் அண்ணன், கோவையில் ஓர் அக்கா. அந்த அண்ணனும் அக்காவும் மேடைக்கு வரமாட்டார்கள். ‘கடிதம் போதும்’ வகையினர்.

இப்பள்ளியில் இருளர் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பழங்குடிச் சான்று தாசில்தார் அலுவலகத்தில் முடியாது. கோட்ட அளவில் வாங்க வேண்டும். விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதற்காகச் சங்கம் அலைந்தபோது, “நம்ம பிள்ளைங்களுக்கே முடியல, இது எதுக்கு?” என்று கூட்டத்தில் கேட்டவர்கள் உண்டு. கண்டக்டர் ஐயா சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, “இதுல பேரு இருக்கா இல்லையா? இருந்தா அது நம்ம பிள்ளை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளுக்குள்ளும் ‘நம்ம ஆள்’ என்ற கணக்கு நுழைகிற இடங்களை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இடத்தில் பதிவேட்டைக் காட்டுவதற்கு ஒருவர் தேவைப்படுகிறார்.

தானே புயலும் பதிவேடும்

2011 டிசம்பர் 30 அதிகாலையை நம் மாவட்டம் மறக்காது. தானே புயலில் பலா சாய்ந்தது, முந்திரி சாய்ந்தது, குடிசைகள் பறந்தன. அந்தப் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் கூரையை இழந்தது. அந்த ஆண்டுதான் கண்டக்டர் ஐயா பணி ஓய்வு பெற்றிருந்தார். அரையாண்டு விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்தது. மழை நின்றதும் தலைமையாசிரியரோடு போய்ப் பார்த்தால், பழைய சேர்க்கைப் பதிவேடுகள் நனைந்து கிடந்தன. ஊர்ப் பையன்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு, பெஞ்சுகளின் மேல் பக்கம் பக்கமாக விரித்து உலர்த்தினார்கள்.

பலருக்கு அது பழைய தாள். ஆனால் பிறந்த தேதிக்கு வேறு சான்று இல்லாத ஒரு தலைமுறைக்கு அந்தப் பதிவேடுதான் சான்று. முதியோர் உதவித்தொகைக்கு வயதைக் காட்டவும், பேரப்பிள்ளையின் சாதிச் சான்றுக்குத் தாத்தா படித்ததை மெய்ப்பிக்கவும் அதைத்தான் தேடி வருகிறார்கள்.

கூரைக்காகக் கடிதம் போனது. அதுவரை பதிலே எழுதாதவர்களிடமிருந்தும் பணம் வந்தது. அப்போதுதான் சங்கத்துக்குள் பெரிய வாக்குவாதம். நாமே கூரை போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். கண்டக்டர் ஐயா மறுத்தார். அரசுப் பள்ளியின் கூரை அரசின் கடமை. நாம் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு சுற்றுச்சுவரும் கழிப்பறையும் நம் தலையில் வரும் என்பது அவர் வாதம். மாவட்ட ஆட்சியருக்கு மனு, துறை அலுவலகத்துக்கு நினைவூட்டல், பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி என்று வரிசையாகப் போனார்கள். கூரை வரும்வரை பிள்ளைகள் நனையாமல் உட்காரத் தகரக் கொட்டகைக்கு மட்டும் சங்கப் பணம் செலவானது. மிச்சம் வங்கியில் போடப்பட்டு, அதன் வட்டிதான் இன்றும் கல்லூரிச் சேர்க்கைக்குப் பயணச் செலவாகப் போகிறது.

அந்த நிலைப்பாடு இன்றைக்கு இன்னும் முக்கியம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழிவகுத்தது. நல்லதுதான். ஆனால் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார்கள். இன்னொரு பள்ளியின் பழைய மாணவர்கள் கரும்பு வெட்டுகிறார்கள், துப்புரவுப் பணியில் இருக்கிறார்கள். பள்ளியின் தரம் பழைய மாணவரின் சட்டைப்பையைப் பொறுத்தது என்றாகிவிட்டால், நேற்றைய சாதி ஏற்றத்தாழ்வு நாளைய வகுப்பறைக்குள் அப்படியே வந்து உட்காரும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான துணைத்திட்ட நிதிக்கென்று 2024-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதி எங்கே என்று கேட்பதும் முன்னாள் மாணவரின் வேலைதான். பீரோ வாங்கிக் கொடுப்பதை விடக் கடினமான வேலை அது.

காணும் பொங்கலுக்கு மாறிய கூட்டம்

பதிவேடுகளை உலர்த்திய பிறகு, அதிலுள்ள பெயர்களை அனுமதி பெற்று நோட்டில் எடுத்து எழுதினார்கள். அடுத்து வந்த பொதுக்குழுவில், அரசு மருத்துவமனைச் செவிலியராக இருக்கும் முன்னாள் மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “அண்ணே, பதிவேட்டுல பாதி பொம்பளப் பிள்ளைங்க. பதினேழு வருசமா உங்க நோட்டுல எங்க எல்லாம் எங்க போனோம்?” கூட்டத்தில் அன்று வந்திருந்த பெண்கள் மூன்று பேர்.

கல்யாணமாகிப் போன பெண்ணின் முகவரி தெரியாது, எழுதினால் கணவர் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று கண்டக்டர் ஐயா சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. பள்ளியை வெளியே சொல்லத் தயங்கும் ஆண்களுக்காகப் பெயரில்லாத உறை கண்டுபிடித்தவருக்கு, பெண்களுக்கு ஒரு வழி தோன்றாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தலித் இயக்கங்கள் பலவும் பதில் சொல்லாமல் தள்ளிப்போடுகிற கேள்வி.

வழி கிடைத்தது. மே மாதம் நடந்துவந்த ஆண்டுக் கூட்டம் காணும் பொங்கல் நாளுக்கு மாறியது. அன்றைக்குத்தான் பெண்கள் தாய்வீட்டில் இருப்பார்கள். கடிதம் கணவர் வீட்டுக்குப் போகாமல் தாய்வீட்டுக்குப் போனது. பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஒரு வகுப்பறை ஒதுக்கப்பட்டது. இப்போது கூட்டத்துக்கு வருகிறவர்களில் பெண்கள் அதிகம். கல்லூரிக்குப் போகும் பெண்களின் கட்டத்தாள் முழுக்க அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிற வீட்டுக்கு முதலில் போய் உட்காருகிறவர்களும் அவர்களே. அந்தச் செவிலியரின் கேள்வியைக் கண்டக்டர் ஐயா நம்மிடம் ஒளிக்காமல் சொன்னார். “அத நானே யோசிச்சிருக்கணும்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பலகை மாறினால் போதுமா?

2023-24 நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உள்ளிட்ட பல துறைப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவிப்பு வந்தது. தலித் அமைப்புகள் பலவும் எதிர்த்தன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனும் தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்பது 2024-இல் அது தந்த பரிந்துரைகளில் ஒன்று. 2025-இல் அரசின் மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ ஆயின.

இதைப் பற்றி இந்தச் சங்கத்தில் ஒரே கருத்து இல்லை. “பலகையில அந்தப் பேரு போயிட்டா எம் பொண்ணு தைரியமா சொல்லிப்பா” என்கிறார் ஒருவர். “அந்தப் பேருல வந்த நிலம் இது. பேரு போனா நிலமும் போயிடும்” என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கண்டக்டர் ஐயா பலகை மாறுவதை விரும்புகிறவர். முப்பது ஆண்டுகளாகப் பெயரில்லாத உறையில் கடிதம் அனுப்பியவர் வேறெப்படி நினைப்பார்? ஆனால் அவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். பள்ளி நிலத்தின் புல எண், விடுதி இடங்கள், ஆசிரியர் பணியிடங்கள், இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுங்கும் நிதித் தலைப்பு. பலகை மாறுகிற நாளில் இவையெல்லாம் எழுத்தில் உறுதியாக வேண்டும் என்கிறார். நம் நிலைப்பாடும் அதுவே. இழிவைச் சுமத்தும் பெயர் போகட்டும். அந்தப் பெயரால் போராடிப் பெற்ற உரிமை அதோடு சேர்ந்து போகக் கூடாது. பெயரை மாற்றுவது அரசுக்கு ஒரு நாள் வேலை. ஊர்த்தெருப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் வந்து சேர்வதுதான் உண்மையான மாற்றம். அதற்கான முயற்சி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி நமக்குள்ளும் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கை குறைந்துவருகிறது. சேரியிலேயே வசதி கொஞ்சம் வந்தவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சங்க நிர்வாகிகளின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று இளம் உறுப்பினர் ஒருவர் போன ஆண்டு கேட்டார். கண்டக்டர் ஐயாவின் மூத்த மகள் இதே பள்ளி. இளைய மகன் தனியார் பள்ளி. அவர் அதை மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. அந்தக் கேள்வி பொதுக்குழுத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பதில் இன்னும் எழுதப்படவில்லை.

எப்படிப் பாராட்டுவது?

விழாக் குழு முதலில் போட்ட திட்டத்தில் ஊர்வலம், பேண்டு, வாழ்த்துப் பதாகை, வெள்ளிக் கேடயம் எல்லாம் இருந்தன. கண்டக்டர் ஐயா ஊர்வலத்தையும் பதாகையையும் நீக்கச் சொல்லிவிட்டார். கேடயத்துக்கான தொகையைப் பயணச் செலவு நிதியில் சேர்க்கச் சொன்னார். மாலை மட்டும் உண்டு. அதையும் முன்பு தனக்கு ஒன்பதாம் வகுப்பு எடுத்த ஆசிரியர் கையால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியருக்கு வயது தொண்ணூற்றை நெருங்குகிறது.

அவர் இடத்துக்கு ஒருவர் வரவில்லை. ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள், அதில் ஒருவர் அந்தச் செவிலியர். ஓர் இருளர் இளைஞர். ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்கும் பொறியியல் பட்டதாரி. அவர் நோட்டுகளைக் கணினியில் ஏற்ற முன்வந்தபோது, கண்டக்டர் ஐயா கேட்ட முதல் கேள்வி, ‘எழுத வேண்டாம்’ என்று குறி போட்டவர்களின் பக்கத்தை யார் யார் பார்க்க முடியும் என்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெயர் தவறிப் போனால் திரும்ப எடுக்க முடியாது என்பது அவர் கவலை. ஆகவே அந்தப் பக்கங்கள் மட்டும் காகிதத்திலேயே இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

முப்பது ஆண்டுகள் ஊதியமின்றி ஒருவர் செய்த வேலைக்கு நாம் தரக்கூடிய மரியாதை, அந்த வேலை இனி ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்வது. நம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படித்து வெளியே போனவர்கள் ஏராளம். அலுவலகங்களில் இருக்கிறார்கள், நெய்வேலியில் இருக்கிறார்கள், காவல் துறையில், நீதிமன்றங்களில், பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். பலருக்குத் தாங்கள் படித்த பள்ளிக்குச் சங்கம் இருக்கிறதா என்றே தெரியாது. சங்கம் அமைப்பது பெரிய காரியமில்லை. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடலாம். 2024-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு. அந்த இடங்கள் உங்கள் பள்ளியில் யாரிடம் இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

வெளியே சொல்லிக்கொள்ள இன்னும் தயக்கம் இருக்கிறதா? அதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. குற்றம் அந்தத் தயக்கத்தை உண்டாக்கிய சமூகத்தின் மேல். பெயர் போடாத ஓர் உறையில் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஆண்டு படித்தீர்கள், எந்த ஊரில் இருக்கிறீர்கள், ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளைக்காக எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்ற மூன்று விவரம் போதும்.

கண்டக்டர் ஐயாவுக்கு இப்பத்தியின் வணக்கம். விழா காணும் பொங்கலன்று பள்ளி வளாகத்தில் நடக்கிறது. அன்று பிற்பகல், புதிய குழுவின் முதல் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள்: இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று தேர்வுக்கு முன்பே சரிபார்ப்பது.